கல் நிற்கும் இடமும் கல்வெட்டின் ஒரு வரியே

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திராவையும் கடந்ததும் வருவது சந்தாபுரா. ஆனேக்கலுக்குச் சாலை பிரியும் சந்திப்பு என்பதே பெரும்பாலோர் அறிந்த அதன் அடையாளம். ஓசூர்ப் பக்கமிருந்து நாள்தோறும் வேலைக்கு வந்துபோகும் தமிழருக்கு அது ஒரு பேருந்து நிறுத்தம். வாடகை குறைவு என்பதற்காகக் குடியேறியோருக்கு ஒரு முகவரி. ஏரியும் வயலுமாக இருந்த சுற்றூர்கள் ஒவ்வொன்றாக அடுக்ககங்களாகவும் மனைப்பிரிவுகளாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. இப்பகுதியைப் பற்றிய பேச்செல்லாம் நிலமதிப்பையும் போக்குவரத்து நெரிசலையும் தாண்டுவதில்லை.

இதே சாலையின் இருபுறமும், கோயில் வளாகங்களிலும் ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய எழுத்துகளும் உருவங்களும் தாங்கிய கற்கள் நின்றன. சில இன்றும் நிற்கின்றன. செதுக்கிய நினைவுக்கற்களைக் காணவேண்டும் என்று வரலாற்று மாணவர் ஒருவர் விரும்பினால், அவர் கனவில் வருவது ஹோண்டுராஸின் கோப்பானும் குவாத்தமாலாவின் கிரிகுவாவுமே. கிரிகுவாவில் கி.பி. 771இல் நிறுத்தப்பட்ட ஒரு கல் பத்து மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடையது. மாயா நாகரிகம் குறித்த நூல்கள் பலவற்றிலும் அதன் படம் உண்டு. அக்கனவில் குறையேதும் இல்லை. ஆனால் அம்மாணவர் நாள்தோறும் கடந்து செல்லும் சாலையோரத்துக் கல்லைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதும், ஒரு நாள் அது அங்கு இல்லாமற்போனால் அதை அறியப்போவதும் இல்லை என்பதும் வருந்தத்தக்கவை.

சாலை விரிவாக்கத்துக்கோ கட்டுமானத்துக்கோ இடையூறாக ஒரு கல் நிற்கும்போது வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு ஒன்றுண்டு: படம் எடுத்துக்கொள்ளலாம், வாசகத்தைப் படித்துப் பதிப்பிக்கலாம், கல்லை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிடலாம். வாசகம் கிடைத்துவிட்டால் கல்வெட்டு கிடைத்துவிட்டது என்ற எண்ணமே இதன் அடிப்படை. அவ்வெண்ணம் தவறானது. கல் எங்கு நிற்கிறது, எத்திசையை நோக்குகிறது, அருகில் எந்த ஏரியும் எந்தக் கோயிலும் உள்ளன என்பவையும் அக்கல்வெட்டின் பகுதிகளே. இடத்தை இழந்த கல்வெட்டு, சில வரிகள் சிதைந்த கல்வெட்டுக்கு ஒப்பானது.

மாயா ஆய்வின் வரலாறே இதற்கு வலுவான சான்று தருகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, மாயா கற்களில் உள்ளவை காலக்கணிதமும் வானியலும் தெய்வங்களும் மட்டுமே என்பது அத்துறையின் பெரும் அறிஞர்கள் கொண்டிருந்த கருத்து. நாள் குறிப்புகளைப் படிக்க முடிந்தது; எஞ்சிய எழுத்துகள் புரியவில்லை. அந்நிலையில் 1960ஆம் ஆண்டு தத்தியானா புரொஸ்கோரியாகோஃப் என்ற ஆய்வாளர், குவாத்தமாலாவின் பியெத்ராஸ் நெக்ராஸ் என்னும் தலத்துக் கற்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். மாயா மக்களின் வரலாறு அக்கட்டுரையிலிருந்தே வெளிப்படத் தொடங்கியது எனலாம்.

அவர் செய்தது எளிமையானது. எழுத்துகளை ஒலித்துப் படிக்க அவர் முயலவில்லை. கற்கள் நின்ற இடங்களைப் பார்த்தார். அக்கற்கள் குறிப்பிட்ட கட்டடங்களின் முன் குழுக்குழுவாக நிறுத்தப்பட்டிருந்தன. ஒவ்வொரு குழுவும் மாடம் போன்ற இருக்கையில் ஓர் உருவம் அமர்ந்திருக்கும் கல்லோடு தொடங்கியது. ஒரு குழுவில் உள்ள நாள் குறிப்புகளைக் கூட்டிப் பார்த்தபோது, அவை ஒரு மனித ஆயுளைத் தாண்டவில்லை. ஆகவே ஒவ்வொரு குழுவும் ஓர் அரசரின் ஆட்சிக் காலம். தெய்வங்கள் எனக் கருதப்பட்டவை பிறந்து, அரியணையேறி, இறந்த மனிதர்கள் என்ற முடிவுக்கு அவர் வந்தார். புரொஸ்கோரியாகோஃப் கட்டடக் கலை பயின்றவர். அத்தலத்துக் கட்டடங்களை வரைவதற்காகவே முதலில் அங்கு பணிக்குச் சேர்ந்தவர். எது எதன் முன் நின்றது என்பது அவருக்குக் கைவசமாக இருந்தது. கற்கள் அதற்குமுன் பெயர்த்தெடுக்கப்பட்டு, இடக்குறிப்பின்றி ஏதோ ஒரு கூடத்தில் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தால், அந்த வாய்ப்பே இருந்திராது.

அடுத்த சில ஆண்டுகளில் நேர்ந்ததும் நினைவிற்கொள்ளத் தக்கது. 1960களில் மாயா கற்களுக்குப் பன்னாட்டுக் கள்ளச்சந்தை உருவானது. திருடர்கள் கற்களின் முகப்பை மட்டும் அறுத்தும், சுமக்க எளிதாகத் துண்டாக்கியும் கொண்டுபோயினர். பியெத்ராஸ் நெக்ராஸும் தப்பவில்லை. இடம் தெரிந்திருந்த கற்கள் வரலாறாயின. இடம் தெரியாமல் விற்கப்பட்டவை அழகுப் பொருள்களாயின.

பெங்களூர்ச் சூழலுக்கு வருவோர் இதே உண்மையைச் சிறிய அளவில் காணலாம். சந்தாபுராவிலிருந்து நகரை நோக்கி ஓசூர் சாலையிலேயே சென்று, பொம்மனஹள்ளிப் பகுதியில் மேற்காகத் திரும்பினால் பேகூர். அங்குள்ள நாகேசுவரர் கோயில் கங்கர் காலத்தில் வேர்கொண்டது. அதன் வளாகத்தில் ஏறத்தாழ கி.பி. 890ஐச் சேர்ந்த சிறிய கல் ஒன்று உண்டு. பழங்கன்னட எழுத்தில் சில வரிகளே. நாகத்தரன் என்ற தலைவனின் வீட்டைச் சேர்ந்த புட்டணசெட்டி என்பவன் பெங்களூர்ப் போரில் மாண்டான் என்பது அது தரும் செய்தி. பெங்களூர் என்ற பெயர் காணப்படும் மிகப் பழைய சான்று அதுவே எனப் பரவலாகக் கொள்ளப்படுகிறது.

அச்சில வரிகள் ஒரு கதையை வீழ்த்தின. வேட்டையில் வழிதவறிய ஹொய்சள மன்னன் வல்லாளனுக்குக் கிழவி ஒருத்தி வேகவைத்த பயறு தந்ததால் ஊர் ‘பெந்தகாளூரு’ ஆயிற்று என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அவ்வல்லாளனுக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுக்கு முன்பே பெயர் இருந்தது என்பதைக் கல் காட்டுகிறது. ஆனால் அக்கல் வேறெங்கோ, ஓர் அரண்மனைத் தோட்டத்தில் கிடைத்திருந்தால், அது சொல்லும் பெங்களூர் எந்தப் பெங்களூர் என்ற ஐயம் தீராது. பேகூரில் நின்றதால்தான், அவ்வூர்த் தலைவனின் ஆள் மாண்ட போர் பக்கத்து ஊரில் நடந்தது என உறுதியாகச் சொல்ல முடிகிறது. வாசகம் பெயரைத் தந்தது. நின்ற இடம் அப்பெயருக்கு நிலத்தைத் தந்தது.

அதே பேகூரைச் சேர்ந்த மற்றொரு கல் உண்டு. அளவிலும் அழகிலும் பெரியது. யானைகளும் குதிரைகளும் வீரர்களும் மோதும் போர்க்களம் முழுவதும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கங்க மன்னன் எறெயப்பன் காலத்தில் வீரமகேந்திரனுக்கு எதிராக நடந்த போரில் நாகத்தரன் வீழ்ந்ததையும், அதன்பின் இருகன் என்பவனுக்கு நாகத்தரப் பட்டமும் பெம்பூர்ப் பன்னிரண்டு என்ற ஊர்த் தொகுதியும் வழங்கப்பட்டதையும் அது பதிவு செய்கிறது. பெம்பூர் என்பதே இன்றைய பேகூர். ஊர்களின் பெயர்ப் பட்டியலும் அதில் உண்டு. அக்கல் இன்று பெங்களூர் கஸ்தூர்பா சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் பாதுகாப்பாக இருக்கிறது.

அப்பட்டியலில் புல்லிமங்கலம் உண்டு. இக்கலூர் என்ற பெயரும் உண்டு. எலக்ட்ரானிக் சிட்டிக்கு அப்பால் ஹுலிமங்கலா இருக்கிறது. சந்தாபுராவை ஒட்டியே இக்கலூர் இருக்கிறது. கல் சொல்லும் ஊர்களும் இன்றைய ஊர்களும் ஒன்றுதானா, பன்னிரண்டின் எல்லை சந்தாபுராவரை எட்டியதா என்பது ஓர் முதுகலை மாணவர் இரண்டு மாதக் களப்பணியில் ஆராயத்தக்க கேள்வி. ஏரிகளின் வரிசை, பழைய வண்டிப்பாதை, ஊர்த் தெய்வங்களின் பெயர், வயல்களுக்கு முதியோர் வழங்கும் பெயர் ஆகியவை அதற்கான சான்றுகள். அருங்காட்சியகக் கூடத்தில் கல்லின் முன் நிற்பவருக்கு இக்கேள்வி எழுவதே அரிது. பேகூரிலிருந்து ஊர் ஊராக நடப்பவருக்கு எழாமலிராது. நடந்து பார்க்க வேண்டிய வயல்களும் வண்டிப்பாதைகளும் ஆண்டுக்காண்டு குறைந்துவருகின்றன என்பதால், இக்கேள்விக்குக் காலக்கெடுவும் உண்டு.

தமிழ் படிப்போருக்கு இச்சாலை மேலும் பல வாயில்களைத் திறக்கிறது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கங்கவாடி சோழர் வசமானது. அதன்பின் வந்த ஹொய்சளர் காலத்திலும் இப்பகுதியில் தமிழில் சாசனம் பொறிக்கும் வழக்கம் தொடர்ந்தது. ஓசூர் சாலையை ஒட்டிய மடிவாளத்துச் சோமேசுவரர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளுள் ஒன்று 1247ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வேப்பூரைச் சேர்ந்த ஒருவர் வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழுள்ள நிலத்தைக் கோயிலுக்குக் கொடுத்த செய்தி அதில் உள்ளது. வேப்பூர் என்பது பேகூரே. கன்னடக் கல்லில் பெம்பூர், தமிழ்க் கல்லில் வேப்பூர். அங்கே பெங்களூர், இங்கே வெங்களூர். இரு மொழியாரும் ஒரே ஏரியின் நீரைப் பற்றியே பேசுகின்றனர்.

தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் அவ்வூரைத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கபட்டணம் என்றும் குறிக்கின்றன. பட்டணம் என்ற சொல், வணிகர் கூடிய இடம் அது என்பதைக் காட்டுகிறது. இன்று அங்கே மேம்பாலமும் மென்பொருள் நிறுவனங்களும். வழிபாடு தொடர்வதால் கல்வெட்டுகள் நின்ற இடத்திலேயே இருக்கின்றன. இக்கோயில்களின் பாதுகாப்புக்குக் காரணம் தொல்லியல் சட்டத்தைவிட, அன்றாடம் விளக்கேற்றும் மக்களே என்பது மிகையன்று.

வழிபாடு இல்லாத கற்களின் நிலை வேறு. ஹெப்பாளத்தில் 2018ஆம் ஆண்டு கழிவுநீர்க் கால்வாய் தோண்டியபோது ஒரு வீரக்கல் வெளிப்பட்டது. ஏறத்தாழ கி.பி. 750, கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலம். கிட்டய்யா என்ற வீரன் ஊரைக் காக்கப் போரிட்டு மாண்டதை அது சொல்கிறது. அதில் வரும் பெர்பொளல் நாடு என்ற பெயரே ஹெப்பாளம் என்ற பெயரின் மூலம் என்று கொள்ளப்படுகிறது. கல்வெட்டு ஆர்வலர்களும் அக்கம்பக்கத்து மக்களும் முயன்று, அதை அப்பகுதியிலேயே நிறுத்தி மண்டபமும் எழுப்பினர். எந்த ஊருக்காக அவன் இறந்தானோ அந்த ஊரிலேயே அவன் பெயர் நிற்கிறது. கால்வாய் தோண்டிய நாளில் அக்கறை கொண்ட சிலர் அருகில் இருந்தது தற்செயல். பாதுகாப்பு தற்செயலை நம்பியிருக்கக் கூடாது.

இக்கற்களைத் தேடுவோர் முதலில் புரட்டும் நூல் ‘எபிகிராஃபியா கர்நாடிகா’. பெங்களூரில் பிறந்த பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் தொகுத்த அவ்வரிசையின் ஒன்பதாம் தொகுதி 1905இல் வெளிவந்தது; பெங்களூர் மாவட்டத்துக்கு உரியது. ஆனேக்கல் உட்பட ஒவ்வொரு தாலுகாவின் கல்வெட்டுகளும் எண்ணிட்டுத் தரப்பட்டுள்ளன. ஊரின் பெயர், ஊருக்கு எத்திசையில், எவருடைய வயலில் அல்லது எந்தக் கோயிலின் எந்தப் பக்கத்தில் என்பதே ஒவ்வொரு கல்லுக்கும் முகவரி. அன்றைக்கு அது போதுமான முகவரி. இன்று அவ்வயல் மனைப்பிரிவின் மூன்றாம் குறுக்குத் தெரு. ஏரிக்கரை உள்வட்டச் சாலை. வாசகம் நூலில் உயிரோடு இருக்கிறது. கல் எங்கே என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. அச்சேறிய கல்வெட்டு காக்கப்பட்ட கல்வெட்டு என்று கருதிவிட்டதன் விளைவு இது.

சட்டம் இங்கு ஓரளவே துணைசெய்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி நூறாண்டு கடந்த கல்வெட்டு தொல்பொருளே. ஆனால் அச்சட்டத்தின் முதன்மை நோக்கம் விற்பனையையும் ஏற்றுமதியையும் ஒழுங்குபடுத்துவது. கர்நாடகத்தின் 1961ஆம் ஆண்டுச் சட்டம் நினைவுச்சின்னங்களைக் காக்கிறது. அதற்கு அவை முறைப்படி அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். வயல் நடுவே நிற்கும் தனிக்கல் பெரும்பாலும் அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. அதைத் திருடி விற்பவரைவிட, அது என்னவென்று அறியாமல் பெயர்த்துத் தள்ளும் மண்வாரி இயந்திரமே இன்று பெரிய அச்சுறுத்தல்.

அருங்காட்சியகத்துக்கு மாற்றுவதை முற்றாக எதிர்ப்பதும் நேர்மையாகாது. அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மண்டியா மாவட்டத்து ஆதகூர்க் கல். கி.பி. 949–950ஐச் சேர்ந்த அக்கல்லும் பெங்களூர் அரசு அருங்காட்சியகத்திலேயே உள்ளது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தனைக் கங்க மன்னன் பூதுகன் கொன்ற செய்தியைத் தருவதால் தமிழக வரலாற்றுக்கும் அது இன்றியமையாதது. கல்லின் மேற்பகுதியிலோ நாயும் காட்டுப்பன்றியும் பொருதும் காட்சி. மணலேரன் என்ற வீரன் பூதுகனிடம் பரிசாகக் கேட்டுப் பெற்ற காளி என்னும் வேட்டைநாய், ஒரு பெரும் பன்றியோடு போரிட்டு அதனுடன் தானும் மாண்டது. அந்நாய்க்காக எடுக்கப்பட்ட கல் அது.

ஆதகூர்ச் சாசனம் ஒரு கடமையையும் விதிக்கிறது. கோயில் நிலத்தை அனுபவிப்பவர் இக்கல்லுக்கு வழிபாடு செய்யாமல் உண்டால், நாய் செய்த பாவம் அவரைச் சேரும் என்பது அதன் கருத்து. ஆக அக்கல்லும் கோயிலும் நிலமும் பூசை செய்பவரும் ஓர் ஏற்பாட்டின் உறுப்புகள். அருங்காட்சியகம் கல்லை மழையிலிருந்தும் திருட்டிலிருந்தும் காத்தது. ஆய்வாளருக்கு அருகிலும் கொண்டுவந்தது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். எனினும் அந்த ஏற்பாடு அங்கு வாசகமாக மட்டுமே எஞ்சுகிறது. பெயர்ப்பலகையில் நாயைப் பற்றி ஒரு வரி எழுதலாம். நாய்க்குப் பூசை செய்ய ஒரு கோயில் நிலம் கட்டுண்டிருந்ததைக் கண்ணால் காட்ட முடியாது.

இருவழியும் இயலும் என்பதைக் கோப்பான் காட்டுகிறது. மழையும் வெயிலும் அரித்துவந்த சில கற்களை அங்குள்ளோர் 1996இல் திறக்கப்பட்ட சிற்ப அருங்காட்சியகத்துக்கு மாற்றினர். அந்த அருங்காட்சியகம் தொலைவான தலைநகரில் இல்லை. தலத்தின் அருகிலேயே உள்ளது. பெருமுற்றத்தில் கல் நின்ற அதே இடத்தில் அதன் மறுபடி நிறுத்தப்பட்டது. காண வருபவர் மூலத்தை ஒரு கூரையின் கீழும், அதன் இடத்தை வெட்டவெளியிலும் சில நிமிட நடையில் காணலாம். பேகூரின் பெரிய கல்லுக்கு இத்தகைய மறுபடி ஒன்று பேகூரிலேயே நிறுத்தப்படுமானால், அருகருகே இரு கற்களும் நாகத்தரனின் கதையை மீண்டும் முழுமையாகச் சொல்லும். இது பெருஞ்செலவு பிடிக்கும் திட்டமன்று.

கணினிப் பதிவு எல்லாவற்றுக்கும் மாற்றாகிவிடாதா என்ற கேள்வியும் எழுகிறது. 1909இல் தொடங்கப்பட்ட பெங்களூர் மிதிக் சொசைட்டி, நகரக் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் வருடிப் பதிவு செய்யும் பணியை மேற்கொண்டுள்ளது. தேய்ந்த எழுத்தையும் திரையில் ஒளியின் கோணத்தை மாற்றிப் படிக்க அது உதவுகிறது. கல் அழிந்தாலும் வடிவம் எஞ்சும். இத்தகைய பணி ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும். ஆனால் பதிவு இருப்பதே கல்லை அகற்ற அனுமதிச் சீட்டாகிவிடும் ஆபத்தும் உண்டு. பதிவு என்பது இன்று கேட்கத் தெரிந்த கேள்விகளுக்கான விடையைச் சேமிக்கிறது. நாளை எழும் கேள்விக்கு விடை கல்லின் அடியிலுள்ள மண்ணிலோ, அது நோக்கும் திசையிலோ, இருபதடி தள்ளிப் புதைந்திருக்கும் இன்னொரு கல்லிலோ இருக்கக்கூடும். கட்டடங்களின் வரிசை ஒரு நாள் அரசர்களின் வரிசையாகத் தெரியவரும் என்பதை 1960க்கு முன் எவரும் எதிர்பார்க்கவில்லை.

மைப்படிகள் குறித்த அண்மைக்கால விவாதமும் இங்கு பொருந்துகிறது. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966இல் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்கு மாறியது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளும் உடன் சென்றன. அவற்றைச் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று 2021இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. தமிழறிஞர் உலகில் அதற்குக் கிடைத்த கவனம் நியாயமானதே. ஆயினும் காகிதப் படிகள் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதில் காட்டிய அக்கறையில் ஒரு பங்கு, மூலக்கற்கள் நின்ற ஊரிலேயே நிற்கின்றனவா என்பதிலும் காட்டப்பட வேண்டும். கர்நாடக எல்லைக்குள் உள்ள தமிழ்க் கல்வெட்டுகள் இருபுறமும் அநாதைகளாகும் நிலை உள்ளது. எல்லைக்கு அப்பால் இருப்பதால் தமிழகத்து மாணவர் வருவதில்லை. எழுத்துப் பழகாததால் கன்னட மாணவருக்குப் படிக்க இயல்வதில்லை.

இவ்வாறு சொல்லும்போது, கல் யாருடையது என்ற வீண் வழக்குக்கு இடங்கொடுக்கலாகாது. தமிழ்க் கல்வெட்டு இருப்பதால் நகரம் தமிழருடையது என்றோ, கன்னடக் கல்வெட்டு அதைவிடப் பழையது என்பதால் தமிழர் வந்தேறிகள் என்றோ சமூக ஊடகங்களில் நடக்கும் சண்டைகளுக்கும் கல்வெட்டியலுக்கும் தொடர்பில்லை. கற்களே அதை மறுக்கின்றன. நாய்க்குக் கல் எடுத்த மணலேரனுக்கு மூன்று நூற்றாண்டுக்கு முன்பே, பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தில், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கருந்தேவக்கத்தி என்ற வீரனின் நடுகல்லில் கோவிவன் என்ற நாயும் இடம்பெற்றது. கள்வரை எதிர்த்து நின்ற நாய் அது. கன்னடத்தில் வீரகல்லு, தமிழில் நடுகல். தென்பெண்ணையின் இருபுறமும் மாடு கவர்தலும் மீட்டலும், ஊர் காத்தலும், இறந்தவரைக் கல்லில் நிறுத்தலும் ஒரே மரபாக ஓடின. அம்மரபை மொழி எல்லையால் பிளந்தால் இரு பகுதியும் பொருளிழக்கும்.

தமிழில் அக்கல்லுக்கு வழங்கும் பெயரே இக்கட்டுரையின் வாதத்தை ஒரு சொல்லில் அடக்குகிறது. அது செதுக்குகல் என்றோ எழுதுகல் என்றோ பெயர் பெறவில்லை. நடுகல் என்றே பெயர் பெற்றது. தொல்காப்பியப் புறத்திணையியல் வகுக்கும் ஆறு நிலைகளும் தக்க கல்லைத் தேர்வதில் தொடங்கி, நீராட்டி, நிலத்தில் ஊன்றி, வாழ்த்துவதில் முடிகின்றன. ஊன்றும் இடம் சடங்கின் நடுநாயகம். 1972இல் இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ தமிழ் ஆய்வுலகில் பெரும் மாற்றம் விளைவித்ததற்கும், அக்கற்கள் ஊர் ஊராகத் தேடி, நின்ற இடத்தோடு பதிவு செய்யப்பட்டதே ஒரு காரணம்.

எனவே செய்ய வேண்டியவை சில உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை பல்கலைக்கழகத் துறைகளின் ஆற்றலுக்கு உட்பட்டவையே. ‘எபிகிராஃபியா கர்நாடிகா’ ஒன்பதாம் தொகுதியின் ஆனேக்கல் தாலுகாப் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லும் இன்று எங்குள்ளது என்று களத்தில் சரிபார்க்கும் பணியை ஒரு கல்வியாண்டின் மாணவர் திட்டமாக வகுக்கலாம். அட்சரேகை, தீர்க்கரேகை, நோக்கும் திசை, மண்மட்டத்துக்கு மேல் உயரம், அருகிலுள்ள நீர்நிலை, கல்லை ஊரார் அழைக்கும் பெயர் என ஒரு பக்கம் போதும். ‘காணவில்லை’ என்பதும் ஒரு பதிவே. காணாமற்போனது எக்காலத்தில் என்பதை ஊர் முதியோரிடம் கேட்டு எழுதுவது அதைவிடச் சிறந்த பதிவு.

இப்பணிக்குக் கன்னடம் படிக்கும் ஒருவரும் தமிழ் படிக்கும் ஒருவரும் இணைந்து செல்ல வேண்டும். பழங்கன்னட எழுத்தையும், தமிழ், கிரந்த எழுத்துகளையும் ஒருங்கே கற்பிக்கும் குறுகிய பயிற்சியை ஓசூர்ப் பகுதிக் கல்லூரிகளும் பெங்களூர்க் கல்லூரிகளும் சேர்ந்து நடத்த இயலும். அப்படிப் பயின்ற இருபது பேர் இருந்தாலே இந்நெடுஞ்சாலையின் வரலாறு புதிதாக எழுதப்படும்.

மனைப்பிரிவுக்கு அனுமதி வழங்குமுன், அவ்வூரின் பெயர் அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதிகளில் உள்ளதா என்று பார்ப்பது நடைமுறையாக வேண்டும். ஒரு கல்லை அகற்றியே தீரவேண்டும் எனில், அதே ஊர் எல்லைக்குள், இயன்றவரை அதே திசை நோக்கி நிறுத்தி, பழைய இடத்தைக் குறிக்கும் பலகையும் வைக்க வேண்டும். குடியிருப்புக்குப் பெயர் தேடுவோர் ஐரோப்பிய ஊர்ப் பெயர்களை நாடுகின்றனர். வாயிலில் ஆயிரமாண்டுக் கல் ஒன்று நிற்பதைவிட எந்தப் பெயர் அக்குடியிருப்புக்குப் பெருமை சேர்க்கும் என்று கேட்டால், கட்டுநரும் சிந்திப்பார்.

காணச் செல்வோருக்கும் சில நெறிகள் உண்டு. எழுத்துத் தெளியவேண்டி சுண்ணக்கட்டியால் கோடிழுப்பதும், எண்ணெய் பூசுவதும், கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் கல்லைக் கொல்லும். காலை அல்லது மாலையின் சாய்ந்த வெயிலே தேய்ந்த எழுத்துக்குச் சிறந்த விளக்கு. வழிபாட்டில் உள்ள கல்லை அவ்வூரார் இசைவோடு அணுக வேண்டும். அவர்கள் அதை வீரன் என்னாமல் ஊர்த்தெய்வம் என்று சொன்னால் திருத்த முயலாமல், அதையும் எழுதிக்கொள்வதே ஆய்வு. அவ்வழிபாடே அக்கல்லை இத்தனை நூற்றாண்டு நிற்கவைத்தது.

கோப்பானுக்குச் செல்ல வாய்ப்புக் கிடைப்போர் சென்று வரட்டும். அங்கே ஒவ்வொரு கல்லையும் அது நின்ற முற்றத்தோடும் படிக்கட்டோடும் சேர்த்துக் காக்க ஒரு நாடு எடுக்கும் முயற்சியைக் கண்டு வரட்டும். அப்படிக் காண இயலாதவருக்கும், பேகூரும் மடிவாளமும் சந்தாபுராவிலிருந்து நகரப் பேருந்திலேயே எட்டும் தொலைவில் உள்ளன; இக்கலூர் அதைவிட அருகில். அடுத்த கால்வாயோ அடுத்த அடித்தளமோ தோண்டப்படும் நாளில், வெளிப்படும் கல்லின் முதல் வரியைப் படிக்கத் தெரிந்த ஒருவர், அது கிடந்த இடத்தை அளந்து குறித்துக்கொள்ளத் தெரிந்த ஒருவர், அங்கு இருக்கப்போகிறாரா என்பதே இத்துறையினர் முன்னுள்ள கேள்வி. அதற்கான விடையை இந்தக் கல்வியாண்டின் பாடத்திட்டத்திலிருந்தே தொடங்க முடியும்.